பதிவேடு, பாலிக் பூலாவ்

காலை எட்டேகால்.
கூண்டுக்குள் தேங்காய் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டேன்.
குரங்கின் சலிப்பைப் போக்க
இந்த வாரப் பொருள் அது.

ஆவாங் ஏறினான்.
இரண்டு கையாலும் பிடித்து
திருகினான், திருகினான்.
காம்பில்லாத தேங்காய்; முறுகியது கயிறு.
அறுத்துப் போட்டுவிட்டு
என் முகத்தைப் பார்த்தான்:
அடுத்த மரம் எது?

பதினோரு வருடம் தென்னந்தோப்பில் வேலை.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

‘விளையாடிய நேரம்’ என்ற கட்டத்தில்
ஒரு கோடு போட்டேன்.

பிற்பகல் மழை.
கூரை ஒழுகும் இடத்தில்
உள்ளங்கையை நீட்டி
சொட்டு விழுமுன் இழுத்துக்கொள்கிறான்.
நனைந்தால் தலையைச் சிலுப்பிவிட்டு
மறுபடி நீட்டுகிறான்.
பேனா மூடியைக் கடித்தபடி பார்த்திருந்தேன்.
நாற்பது நிமிடம்.

ஒழுகலை அடைக்க வந்த சுல்கிஃப்லியை
ஏணியோடு திருப்பி அனுப்பினேன்.