பாக்கி

வட்டவளை வளைவு வந்தால்
முன்பெல்லாம் என் த்ரீவீலர்தான் முதலில் பேசும்,
இருமலோ கனைப்போ ஏதோ ஒன்று.
ஜிஃப்ரி பாஸ் தலையைத் தூக்காமலே
"பிளக்கைக் கழட்டிக்கிட்டு வாங்க" என்பார்.

இப்போது ஓட்டுவது பேட்டரி வண்டி.
அவர் முதுகுக்குப் பின்னால்
பனி மாதிரிப் போய்விடுகிறேன்.
கராஜ் நாய்கூட எழுந்திருப்பதில்லை.

அவர் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே
நாலாயிரத்து முன்னூற்றைம்பது.
கிளட்ச் கேபிள், பிரேக் லைனர் இரண்டு ஜோடி,
காபரேட்டரைப் பிரித்துக் கழுவிய கூலி.
அடுத்த பழுதுக்கு வரும்போது கொஞ்சம் கொடுப்பேன்,
கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்வார்.
ஏழு வருஷம் இப்படி.
பழுதே இல்லாத ஆள்
எந்த முகத்தோடு கராஜுக்குள் போவது?

ஆசைப்பட்டு மாறவில்லை.
பெட்ரோல் வரிசையில் படுத்த மூன்றாம் இரவு
மகள் போனில் கேட்டாள்,
"அப்பா, கேக்கை வெட்டட்டுமா?"
வெட்டச் சொன்னேன்.

ஹட்டனில் அறுபத்திரண்டு காட்டும் எண்
ரொசல்லையில் அறுபத்துமூன்று,
வட்டவளையில் அறுபத்தைந்து.
இறக்கம் எனக்குச் சம்பளம் தருகிறது.
இதே இறக்கம்தான் இருபது வருஷமாய்
லைனரைத் தேய்த்து, டிரம்மைக் கருக்கி
ஜிஃப்ரி பாஸுக்கு அரிசி வாங்கித் தந்தது.
மலை கட்சி மாறிவிட்டது.

ஏற்றத்தில் கொடுத்ததையெல்லாம் பிடுங்கிக்கொள்ளும், அது வேறு.
ராத்திரி லயத்தில் வயரைச் சொருகினால்
மூன்று காம்பராவுக்கு பல்பு மங்கும்.
தெய்வானை சுவரில் தட்டுவாள்,
நாடகத்தில் அழுகிற கட்டம் அவளுக்கு.
எங்கள் தகரத்தில் விழுந்த மழைதான்
லக்சபானைக்குப் போய்ச் சுற்றிவிட்டு
பில்லோடு திரும்பி வருகிறது.

போன வெள்ளி அடைமழை.
கராஜுக்கு நூறு யார் மேலே வண்டி நின்றது.
திரையில் ஒரு எழுத்து, இரண்டு எண்.
பின்னால் தவமலர் டீச்சர், மடியில் விடைத்தாள் கட்டு.

பாஸ் குடையில்லாமல் வந்தார்.
பழக்கதோஷம்,
ஸ்க்ரூட்ரைவர் நுனியை மோட்டாரில் ஊன்றி
பிடியைக் காதில் வைத்தார்.
கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
மழை மட்டும் கேட்டிருக்கும்.

கம்பெனிக்கு அடித்தோம்.
சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு.
இரண்டை அழுத்தினேன், பாட்டு வந்தது.
டீச்சர் பஸ் பிடித்துப் போய்விட்டார்,
பாட்டு முடியவில்லை.

கராஜ் பையன் சுரங்க
அந்த எழுத்தையும் எண்ணையும் தன் போனில் தேடினான்.
"தண்ணி பட்டிருக்காம் பாஸ். சீட்டுக்குக் கீழே ஒரு கனெக்டர்."
பாஸ் கழற்றி ஊதினார்.
பெனியனால் துடைத்து மறுபடி ஊதினார்.
வண்டிக்கு உயிர் வந்தது;
திரையைப் பார்த்துத்தான் நம்பினோம்.

"எவ்வளவு பாஸ்?"
"எதுக்கு, ஊதினதுக்கா?"

அன்று கையில் ஸ்கூல் பிள்ளைகளின் மாதக் காசு இருந்தது.
நாலாயிரத்து முன்னூற்றைம்பதையும் எடுத்து வைத்தேன்.
இருக்கட்டும் என்பார் என்று நினைத்தேன்.
எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார்.
என் பக்கத்தில் மேலிருந்து கீழே ஒரு கோடு,
அடிமட்டம் வைத்து.
"சுரங்கவுக்குக் கொழும்பில் பேட்டரிப் படிப்பு. ஆறு மாசம்.
பீஸ் கட்டணும்."
நோட்டுகளை ஆணிப் பெட்டிக்குள் போட்டார்.
திரும்பி வருவானா என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது ஹோனை அமுக்கிப் பார்த்தார்.
தொண்டை கட்டிய சத்தம்.
"பெரிசா ஒண்டு மாத்துங்க.
இல்லாட்டி ஒருநாள் என்னையே அடிச்சிட்டுப் போவீங்க,
எனக்குத் தெரியவும் வராது."

"என்ன விலை?"
"ஆயிரத்து எண்ணூறு."
"புத்தகத்தில் போடுங்க."

கோடு போட்ட பக்கத்தைத் திருப்பினார்.
பேனா எழுதவில்லை.
உள்ளங்கையில் இரண்டு கிறுக்குக் கிறுக்கி
மறுபடியும் வைத்தார்.