கிளை கழித்த சொல்

காஸ்தெயோனில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில்,
அம்பாரோவின் காபிக்கடை.
வேலைக்குச் சேர்ந்த முதல் காலை
ஸம்ஃபீராவின் தட்டில் ஆறு கோப்பை.
"பார்த்து! தெர்ராமார் பண்ணிவிடாதே"
என்று அம்பாரோ கத்த,
தட்டை வைத்துவிட்டு அவள்
சுவரைத் தொட்டுப் பார்த்தாளாம்.

அங்கே சொன்னது: சிந்தாதே.
இங்கே விழுந்தது: இடிக்காதே.

புக்கரெஸ்டில் அதே சொல்லை
கொஞ்சம் வாயை மூடிச் சொல்வார்கள்,
தரிமா.
வீட்டை, தேவாலயத்தை, சில சமயம் தெருவையே
தரைமட்டமாக்குவதற்கு.
எண்பத்தாறு, ஜூன்.
முற்றத்து மல்பெரி
இயந்திரத்தின் கையை உள்ளே விடவில்லை.
ஆகவே முதலில் கிளைகளைக் கழித்தார்கள்.
ஒவ்வொன்று விழும்போதும் பழம் கொட்டியது.
ஒன்பது வயது ஸம்ஃபீரா
ஊதாப் பாதங்களோடு லாரியில் ஏறினாள்,
அப்பா திட்டவில்லை.
வீடு பிறகுதான் விழுந்தது. அதை அவள் பார்க்கவில்லை.

வேரைத் தோண்டினால் இவ்வளவே:
ராமுஸ், கிளை. கிளையை வெட்டியெடு.
எந்த ஏட்டிலும் கிடைக்காத லத்தீன் வினை,
ஊகம்தான் என்று
அகராதிக்காரர்கள் அதன் நெற்றியில்
ஒரு நட்சத்திரம் குத்தி வைத்திருக்கிறார்கள்.
ஸ்பெயினில் அது பாலைச் சிந்தும், எண்ணெயை, கண்ணீரை.
ருமேனியாவில் செங்கல்.
இத்தாலிக்குப் போன சொல் மட்டும்
அலுவலகத்தில் சேர்ந்துவிட்டது:
திராமாரே, சுற்றறிக்கை அனுப்புதல்.
பியாசென்சாவில் ஒரு கிடங்கில்
அவள் தம்பி ஹரலாம்பியேவுக்கு
வேலை போனது அப்படித்தான் தெரியவந்தது.
மடித்த தாள். கையெழுத்துகூட இல்லை.

என் மொழியில் கிளை என்றால்
சொந்தபந்தமும்தான்.
அதை அவளிடம் சொல்ல வாயெடுத்து,
காபி நன்றாக இருக்கிறது என்றேன்.

பதினோரு வருடத்தில்
சிந்துவது வெறும் சிந்துவதாகிவிட்டது அவளுக்கு.
போன மாதம் கட்டடத்தை விற்றுவிட்டார்கள்.
"திங்கட்கிழமை இடிக்க வருகிறார்கள்"
என்றாள் அம்பாரோ, வேறொரு வினையில்.
"உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்?"
ஸம்ஃபீரா சொன்னாள்.
அம்பாரோ முதலில் சிரித்தாள்,
பிறகு கூரையை ஒருதரம் பார்த்தாள்,
பிறகு எனக்கு ஊற்றிக்கொண்டிருந்த கோப்பையை
நிறுத்தவில்லை,
விளிம்பைத் தாண்டி, தட்டைத் தாண்டி,
மேசை ஓரம்வரை.

ஸம்ஃபீரா துணி எடுத்து வந்தாள்.
திங்கட்கிழமை மேசையே இருக்காது.
துடைத்தாள்.