ஈரப்பதம்

லேப் சீட்டைப் படித்துவிட்டு
வெண்ணெய் கூடாது என்றாள் ஜெசிந்தா.
என் சிப்ஸ் பாக்கெட்டை
ரயிலடி நாய்க்குப் போட்டுவிட்டும் வந்தாள்.

நீடாமங்கலத்தில் இரவு ஒன்பது.
குக்கரில் ஒரு கைப்பிடி மக்காச்சோளம்,
அரைக் கரண்டி நல்லெண்ணெய்.
வெறும் பொரியில் உப்பு ஒட்டாது,
அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.
தண்ணீர் தெளித்துப் பார்த்தேன் ஒருநாள்:
நனைந்த பஞ்சு.
இன்று வேதாரண்யத்துக் கல்லுப்பை
மிக்ஸியில் மாவாக்கியிருக்கிறேன்,
வறுத்த கறிவேப்பிலை, மிளகு,
மாடியில் காய்ந்த எலுமிச்சைத் தோலோடு.

பகலில் நான் கொள்முதல் நிலையத்தில்
ஈரம் பார்க்கிறவள்.
பதினேழு வரை எடுக்கலாம்.
வையாபுரியின் குறுவை நெல்லுக்கு
மீட்டர் இருபத்தொன்று காட்டியது.
காயவைத்துக் கொண்டு வாங்க என்றேன்.
அவர் வானத்தைப் பார்த்தார்,
பிறகு சாலையை.
அங்கே இடமில்லை,
யார் யாருடைய நெல்லோ.

முதல் வெடி.
அப்புறம் தகரக் கொட்டகையில்
ஐப்பசி இறங்குகிற மாதிரி.
உள்ளே இருக்கிற துளி ஈரம்தான்
சூடேறித் தோலை உடைக்கிறதாம்,
போனில் படித்துச் சொல்கிறாள்.

பொடியைத் தூவிக் குலுக்குகிறேன்.
இந்த முறை ஒட்டுகிறது.
அடியில் பொரியாமல் பதினொரு மணிகள்.
நன்றாகக் காய்ந்தவை.
என் மீட்டர் உடனே
சரி என்று சொல்லியிருக்கும்.

ஒரு கிண்ணம் நூறு கலோரிகூட இல்லை, சாப்பிடு.
மிளகில் எனக்குத் தும்மல்.
வெளியே தூறல் தொடங்கிவிட்டது.

தார்ப்பாய் இருக்கிறதா என்றாவது
அவரிடம் கேட்டிருக்கலாம்.