முறத்தில் அள்ளியது

தொண்டியில் ஐஸ் கம்பெனிக்கு இரவு ஆள் நான்.
லாரி வர இரண்டு மணி ஆகும்.
அதுவரை நானும் கூரை விளக்கும்
சும்மா விழித்திருப்போம்.

விடியலில் பெருக்குவேன்.
மீன் செதில், பீடித்துண்டு, கல்லுப்பு,
அப்புறம் அந்துப்பூச்சிகள்.
சில நாள் முறம் கொள்ளாது.
தொட்டால் விரலில் மாவு ஒட்டும்.
ஒன்றிரண்டு இன்னும்
ஒற்றைச் சிறகால் சிமென்டுத் தரையில்
வட்டம் போட்டுக்கொண்டிருக்கும்.
காகங்களுக்குத் தெரியும்,
நான் கதவு திறக்குமுன்னே வந்து உட்கார்ந்திருக்கும்.

பின்சுவரை ஒட்டி மைமூன் வீட்டுப் பந்தல்.
கிழிந்த வலையை மூங்கிலில் விரித்துப்
புடலை ஏற்றியிருந்தாள்.
அந்தி சாய்ந்தால் பூக்கும்,
ஓரமெல்லாம் நூல் பிரிந்த வெள்ளைப் பூ.
ஒன்றுகூடக் காயாய் நிற்கவில்லை.
விரல் நீளப் பிஞ்சு மஞ்சளாகி
மூன்றாம் நாள் மண்ணில்.
உப்புக்காற்று என்றார்கள். எரு போதாது என்றார்கள்.
கருவாட்டுக் கழிவைக் கரைத்து ஊற்றினாள்.
கண்ணேறு என்று யாரோ சொல்ல
கறுப்புக் கயிறும் கட்டிப் பார்த்தாள்.

ஒருநாள் குடத்தோடு போனவள்
என் முறத்தைப் பார்த்து நின்றாள்.
ஒரு பூச்சியை எடுத்துத் திருப்பினாள்.
மூக்கில் சுருள்கம்பி மாதிரி ஒரு குழல்,
அதன் அடியில் மஞ்சள் பொடி.
தெருவே கேட்கச் சொன்னாள்:
"அண்ணே, நீ பெருக்கித் தள்றது என் காயி."

எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.
ஆண்பூ ஒரு காம்பில், பெண்பூ வேறொன்றில்,
நடுவில் ஒரு முழ இருட்டு.
அதைக் கடக்கத் தெரிந்த உயிர்
என் விளக்கைச் சுற்றிச் செத்துக்கொண்டிருந்தது.

விளக்கை அணைத்தேன்.
லாரிச் சத்தம் கேட்டால் மட்டும் போடுவேன்.
முதலாளி போனில் கேட்டார்.
பல்பு பீஸ் என்றேன். மறுநாளும் பீஸ்.
நாலாம் நாள் புதுப் பல்பு கொடுத்தனுப்பினார்.
அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது.

இருட்டில் உட்கார்ந்தால்
கடல் கொஞ்சம் கிட்டே வந்துவிடுகிறது.
சுவருக்கு அந்தப் பக்கம்
சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி ஒரு ர்ர்ர்.
எழுந்தால் நின்றுவிடுமோ என்று
எழவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் மைமூன் வந்தாள்.
காய் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.
வெறுங்கை.
"வலை ஈயம் கிடந்தா ஏழெட்டு குடுண்ணே.
அத்தனையும் கோணிக்கிட்டு வளருது,
கட்டித் தொங்கவிடணும்."