குறில்

குரில் என்று எழுதப் போனால்
கை பழக்கத்தில் றகரத்துக்குத் தாவிவிடுகிறது.
அடித்துத் திருத்துகிறேன்.
ஆனாலும் யோசித்தால்
வழக்கு முழுவதும் அந்த ஒரு மாத்திரையில்தான்.

ஐம்பத்தொன்றில், சான்பிரான்சிஸ்கோவில்,
ஜப்பான் குரிலைத் துறந்தது.
குரில் எங்கே முடிகிறது என்று
ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லை.
நீட்டிச் சொன்னால்
தெற்கே நான்கு தீவும் அதில் அடங்கும்.
குறுக்கிச் சொன்னால் நான்கும் கழன்றுகொள்ளும்.
எழுதிக் கொடுத்தவன் எதையென்று சொல்லவில்லை.
எடுத்துக்கொண்டவன் கையெழுத்தே போடவில்லை.
இதற்கெல்லாம் முன்பு
அங்கே வாழ்ந்த ஐனு மக்களின் மொழியில்
குர் என்றால் ஆள்.
அந்த ஆட்களை
யாரும் மேசைக்குக் கூப்பிடவில்லை.

*

தொண்ணூற்று மூன்று, ஜூலை.
நெமுரோவிலிருந்து ஷிகோத்தானுக்கு
மூடுபனிக்குள் ஒரு கப்பல்.
விசா கிடையாது, முத்திரை கிடையாது.
இன்னார் மண் என்று ஒப்புக்கொண்டதாக
எந்தத் தாளும் பின்னாளில் சாட்சி சொல்லக் கூடாது.
மொழிபெயர்ப்பாளர் கிரியுவின் கையேட்டில்
தவிர்க்க வேண்டிய சொற்களுக்கு ஒரு பக்கம்:
எல்லை, அயல்நாடு, சுங்கம், குடியேற்றம்.
வீடு அதில் இல்லை.
யாருக்கும் தோன்றவில்லை போலும்.

ஹதகேதாவுக்கு ஐம்பத்து மூன்று.
குஷிரோவில் டயர்க் கடை.
ஏழு வயதில், அகதிக் கப்பலுக்கு
மூட்டைகளோடு மூட்டையாக
வலையில் கட்டித் தூக்கினார்களே,
அந்தரத்தில் செருப்பு ஒன்று நழுவி விழுந்தது,
அது மட்டும் அவருடைய சொந்த ஞாபகம்.
மற்றதெல்லாம் வீட்டில் கேட்டுக் கேட்டு ஊறியது.

மேட்டில் நான்காவது வீடு.
தகரம் புதிது, நீலச் சாயம் புதிது.
ஸினைதா பாவ்லொவ்னா
நண்டு பிட்டு வைத்தாள், வெந்தயக்கீரை தூவி.
பெரிதாகப் பேச ஒன்றுமில்லை.
கிணறு எங்கே என்றார்.
மூடிவிட்டோம் என்றாள்.
தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும் என்றார்.
ஆமாம் என்றாள்.
கிரியு மூன்றையும் முறையாக மொழிபெயர்த்தாள்.

விடைபெறும்போதுதான்.
வாசல்வரை வந்து கையசைத்து,
பழகிய வாயோடு சொன்னாள் ஸினைதா:
"அத்தமா!"

ஹதகேதா திரும்பினார்.
கிரியுவுக்கு எந்தப் பக்கம் பெயர்ப்பதென்று தெரியவில்லை.
எங்கள் வீட்டு வழக்கு, என்றாள் ஸினைதா.
போகிறவர்களுக்குச் சொல்வது.
அம்மா சொல்வாள், நாங்கள் சொல்கிறோம்.
பத்திரமாகப் போய் வா என்று அர்த்தம்.

அர்த்தம் அதுவல்ல.
அத்தமா என்றால் தலை.

நாற்பத்தாறின் குளிர்காலம்.
வொலோக்தாவிலிருந்து வந்திறங்கிய அக்ரஃபேனா
நெடுநெடு உயரம்.
ஒரே கூரை, ஒரே அடுப்பு,
நடுவில் தொங்கிய போர்வைக்கு
அந்தப்புறம் ஹதகேதாவின் குடும்பம்.
தோற்றவர் யார் வென்றவர் யார்,
தலை தப்பினால் போதும் என்றிருந்த நாட்கள்.
ஜப்பானிய நிலைக்கதவோ குட்டை.
வெளியே போகும்போதெல்லாம் இடித்துக்கொண்டாள் அக்ரஃபேனா.
மாவு பிசைந்த கையோடு அவன் தாய் கத்துவாள்:
தலை! தலை!

அறுபதுகளில் நிலையை அறுத்து உயர்த்திவிட்டார்கள்.
சொல் மட்டும் பழைய உயரத்திலேயே நின்றுவிட்டது.

கிரியு சொல்லி முடித்ததும்
ஸினைதா முதலில் சிரித்தாள்:
இத்தனை வருடமாய் விருந்தாளிகளிடம்
தலை, தலை என்றா சொல்லிக்கொண்டிருந்தோம்!
பிறகு சிரிப்பு நின்றது.
"குழிக்குள் இறக்கும்போதும்
அம்மாவிடம் அதைத்தான் சொன்னேன்."

இதைக் கிரியு மெதுவாகப் பெயர்த்தாள்.
அன்றிரவு அறிக்கையில் எழுதுவாள்:
இல்ல வருகை, நாற்பது நிமிடம். தேநீர்.
தவிர்க்கச் சொன்ன சொற்கள் பேசப்படவில்லை.

ஹதகேதா பதில் சொல்லவில்லை.
நிலை அவர் உச்சிக்கு மேல் ஒரு முழம் இருந்தது.
குனிந்துதான் வெளியே போனார்.