வரிசையில் முதலாவது

பென்டில் ஹில்லில் இரவு பதினொன்றரைக்கும்
முப்பத்தொரு பாகை வெக்கை.
விசிறி இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
மேசையில் மின்சார பில் எழும்பி எழும்பிப் படுக்கிறது.

நாளை ஏழரைக்குள்
ஆதிரையின் நீச்சல் முகாமுக்குச் சம்மதப் படிவம்.
ஒரே ஒரு பக்கம்.
அனுப்பினேன். பிரிண்டர்
செம்மஞ்சள் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சும்மா இருந்தது.
இன்னொருக்கா அனுப்பினேன்.
பிறகு, கோபத்தில், நாலு தரம்.

வரிசையைத் திறந்து பார்த்தால்
ஆறு படிவங்களுக்கும் முன்னால்
வழிமறித்துக் கிடக்கிறது ஒன்று:
விலகல்_கடிதம்_3.
செவ்வாய், அதிகாலை 2.14.
பக்கத்தில் ‘நீக்கப்படுகிறது’ என்று இருக்கிறது.
வியாழனாகியும் நீக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

கேட்டபோதெல்லாம் ‘வேலை பரவாயில்லை’ என்ற மனுஷன்
சத்தமில்லாமல் எழும்பி வந்து
இதே கதிரையில் இருந்திருக்கிறார்.
மூன்று என்றால்
ஒன்றும் இரண்டும் எங்கே?

அணைத்துப் போட்டேன்.
வயரைப் பிடுங்கிப் பத்து வரை எண்ணினேன்.
மைப்பெட்டியைக் கழற்றி, ஒரு தட்டுத் தட்டி, மாட்டினேன்.
கடைசியில் சேவைகளின் நீண்ட பட்டியலில்
ஸ்பூலரைத் தேடிப் பிடித்து நிறுத்தி
அது சேர்த்து வைக்கும் இடத்துக்குள் போனேன்.
அங்கே ஒன்றுக்கும் பெயரில்லை, இலக்கம் மட்டும்.
ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்பு.
ஒன்று அது, மற்றது அதன் நிழல்.

எது அவர், எது நீச்சல் என்று தெரியாமல்
எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து
அழிக்கும் விசைக்கு மேலே
விரலை வைத்தபடி இருந்தேன், கொஞ்ச நேரம்.
சுவருக்கு அப்பால் இருமல்.
நித்திரையில் வருகிற இருமல் இல்லை அது.

அழித்தேன்.
ஸ்பூலர் எழும்பியது. படிவம்
மை காயாமல் வந்து விழுந்தது.

விடிய, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று
“பிரிண்டர் சரியோ?” என்றார்,
தாள் தட்டைப் பார்த்தபடி.
“ஓம். ஏதோ அடைச்சுக்கொண்டு நிண்டது.”
துவாயை மடித்து ஆதிரையின் பையில் திணித்தேன்.
நீச்சல் கண்ணாடியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

“நாலாவதை அனுப்புங்கோ,” என்றேன்.
“தாள் போட்டு வைச்சிருக்கிறன்.”