போய்ச் சேர்வது

மூலைக்கரைப்பட்டி மருந்தகப் பதிவேட்டில்
ஏழு கட்டங்கள்.
தேதி, ஆள், ஊர், உரு, நோய், மருந்து, வழி.
கடைசிக் கட்டத்தில்
வாய், தோல், தசை, சிரை
இதில் ஒன்றை எழுதினால் போதும்.
போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற கட்டம் இல்லை.

மாட்டுக்கு வாய்வழி கொடுக்கிற மருந்து
முதலில் ஒரு குளத்தில் விழுகிறது.
முதல் வயிறு.
நொதித்த வைக்கோலும் தண்ணீரும்
கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்களும்.
சில மருந்தை அவை தின்றுவிடும்.
மிச்சம், மடை தாண்டச் சாயங்காலம் ஆகும்.
தசையில் போட்டால் வேகம்.
தோலடியில் நிதானம்.
எண்ணெயில் கரைத்தது இன்னும் சோம்பேறி.
இதெல்லாம் ராமையன்பட்டியில் பரீட்சைக்கு எழுதினேன்,
பதினைந்துக்குப் பதின்மூன்று.

போன சித்திரை,
முனைஞ்சிப்பட்டிக்குத் தெற்கே பூலுடையார் கிடை.
ரெண்டு ஈத்துக் கண்ட கன்னி ஆடு,
நாலு நாளாய்க் கழிச்சல்.
காது ஐஸ்.
கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால்
கிள்ளியபடியே நின்றது.
அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.
தெரியும்.
ஆனால் பரப்பாடியில் ஒரு பசு
கன்று மாட்டிக் கிடக்கிறது,
செல் அடித்துக்கொண்டே இருக்கிறது.
விலாத் தோலைக் கூடாரமாய்த் தூக்கி
இருநூறு மில்லி உள்ளே விட்டேன்.
மருந்து குடுத்தாச்சு என்று சொல்லி
வண்டியை உதைத்தேன்.

விடியுமுன் போன்.
"ஆடு போய்ச் சேந்துட்டு டாக்டரம்மா."

அறுத்துப் பார்த்தேன்.
தோலை உரித்ததும் வந்தது
நான் வைத்த தண்ணீர்
நான் வைத்த இடத்தில்,
தெளிவாக, குளிர்ந்து.

வறண்ட உடம்பு முதலில் கைவிடுவது தோலைத்தான்.
இருக்கிற ரத்தத்தை உள்ளே இழுத்து
நெஞ்சுக்கும் மூளைக்கும் வைத்துக்கொண்டு
ஓரத்து வாய்க்காலை எல்லாம் அடைத்துவிடும்.
கடைமடைக்காரனுக்கு இது புதிதா?
பூலுடையார் எட்டிப் பார்த்தார்.
"இங்ஙன எதுக்கு தண்ணி நிக்கி?"
சொன்னேன். பரப்பாடிப் பசுவையும் சேர்த்துச் சொன்னேன்.
துண்டை உதறித் தோளில் போட்டார்.
"அப்ப நீங்க குடுத்திய. அது வாங்கல."
"வாங்குற நெலமையில அது இல்ல.
நாந்தான் பாத்துக் குடுத்திருக்கணும்."
கொஞ்ச நேரம் ஈக்கள் மட்டும் பேசின.

இன்றைக்கு அதே கிடை.
வேற ஆடு, அதே காது.
செல்லை வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டேன்.
கழுத்து மயிரை மழித்து
பெருவிரலால் அழுத்திக் காத்திருக்கிறேன்.
சிரை எழும்பவில்லை.
அவர் மகள் கோமு
வெந்நீர்ச் சட்டியில் பாட்டிலை உருட்டிக்கொண்டே
என் கையையே பார்க்கிறாள்.
மூன்றாவது குத்தில்
ஊசிக் கழுத்தில் கருஞ்சிவப்பு.

அப்புறம் அவசரம் கூடாது.
பாட்டிலைப் பிடித்த கை மரத்துப்போய்
கோமு வாங்கி, அவளுக்கும் மரத்து,
பூலுடையார் வாங்கினார்.
உடைமர நிழல் எங்களை விட்டு நகர்ந்துபோனது.
ஆடு ஒருமுறை தலையைத் தூக்கி
யாரையும் பார்க்காமல் வைத்தது.
பிறகு கிடந்தபடியே
பின்னங்காலை லேசாய் அகட்டியது.
செம்மண்ணில் நுரை.
"பெய்ஞ்சுட்டு! பெய்ஞ்சுட்டு!" என்று கத்தினாள் கோமு.

ஏழாவது கட்டத்தில் சிரை என்று எழுதினேன்.
அதற்கு அடுத்த ஓரத்தில்,
கோட்டுக்கு வெளியே, பென்சிலால்:
பதினொன்று இருபது. மூத்திரம்.